நன்றியுரையில் விடுபட்ட பெயர்

ஹம்பேர்க்
19 ஜனவரி 2025

தம்பி ஆரூரன்,

உன் ஃபோனில் என் நம்பரைத் தடுத்துவிட்டாய். சரி. தபாற்காரரைத் தடுக்க உன்னால் ஏலாது. கிழித்துப் போடுவதென்றாலும் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிழிக்க வேண்டும்.

அம்மாவிடம் சொல்லியனுப்பலாமென்று முதலில் கேட்டுப் பார்த்தேன். "நான் உங்கட ரெண்டு பேருக்கும் நடுவில ஓடித் திரிய மாட்டன். வேணுமெண்டால் எழுதித் துலையுங்கோ" என்றா. அப்பா பின்னால் இருந்து இருமினார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஜேர்மன் மொழியில் எழுதினால் சண்டை வேகமாக வரும். தமிழில் எனக்கு ஒவ்வொரு வரிக்கும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் கோபம் கொஞ்சம் ஆறிவிடுகிறது. ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

உனக்குக் கலியாணம் என்று சயந்தினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் பெரியப்பாவின் மகளுக்குத் தெரிகிறது, கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை. பெண்ணின் பெயர் மிதுஷாவாம். சந்தோஷம். உண்மையான சந்தோஷம். ஆனால் சயந்தினி இன்னொன்றும் சொன்னாள். தோழியாக நிற்க நீ அவளைக் கேட்டிருக்கிறாயாம். மணமகளுக்குக் கூறைச்சேலை உடுத்தி, மணவறைக்குக் கூட்டிவந்து, தாலி ஏறும்வரை பக்கத்தில் நிற்பது மாப்பிள்ளையின் சகோதரி. நான் உயிரோடுதான் இருக்கிறேன், தம்பி.

எல்லாம் போன மே மாதம் உங்கள் கோயில் மண்டபத்தில் நடந்த அந்தக் கச்சேரியால் வந்தது. நான் வேண்டுமென்று செய்ததாக நீ ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாய். நடந்தது என்னவென்று ஒரு தடவையாவது கேட்டாயா?

கம்சனா அக்கா


பீலெஃபெல்ட்
2 பெப்ரவரி 2025

கம்சனா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்பதற்கு என்ன இருக்கிறது? சென்னையிலிருந்து பாடகர் வந்தார். அவருக்கு நான் மிருதங்கம், நீங்கள் வயலின். ஒரு வருடமாக வேலை முடிந்து வந்து சாதகம் செய்தேன். நீங்கள் அன்று கடைசி நிமிஷத்தில் ரயிலில் வந்து மேடையில் ஏறினீர்கள். முதல் வர்ணத்திலேயே உங்கள் வயலினில் ஒவ்வொரு ஸ்வரமும் பக்கத்துத் தந்தியையும் இழுத்துக்கொண்டு வந்தது. பாடகர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு உங்களுக்கு வாசிக்க இடமே விடவில்லை. எனக்கும் தனி ஆவர்த்தனத்தை அரைவாசியில் வெட்டிவிட்டார்.

பிறகுதான் வயலினைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தந்திகளைத் தாங்கும் குதிரை தட்டையாகச் சீவிக் கிடந்தது. அப்பா உங்களுக்கு எத்தனை சனிக்கிழமை மேலதிக வேலை செய்து வாங்கிய வயலின் அது! அம்மா அதைக் குலுக்கிப் பார்த்தா. உள்ளே ஏதோ கலகலவென்று ஆடியது. "பிள்ளை இதை உடைச்சுப் போட்டுது" என்று அழுதா.

மிதுஷா வீட்டார், அக்கா என்ன செய்கிறா என்று கேட்டார்கள். வயலின் வாசிக்கிறா என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அமெரிக்க மாட்டுக்காரரின் ஆட்டத்துக்கு வாசிக்கிறா என்று எப்படிச் சொல்வது?

கலியாணம் ஓகஸ்ட் 30, சனிக்கிழமை. தோழியாக நிற்க வேண்டுமென்றால் குதிரையைப் பழையபடி மாற்றிக்கொண்டு வாருங்கள். அந்த ஆட்டப் பாட்டைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கக் கூடாது.

ஆரூரன்


ஹம்பேர்க்
16 பெப்ரவரி 2025

தம்பி,

முதலில் அம்மாவிடம் சொல்லு, உள்ளே ஒன்றும் உடையவில்லை. அது ஒரு பாம்பின் வால். பயப்படாதே, பாம்பு இல்லை. அமெரிக்க மலைகளில் வாலை ஆட்டிச் சத்தம் போடும் பாம்பு ஒன்று இருக்கிறது. அதன் காய்ந்த வால்நுனியை அங்கே வயலினுக்குள் போட்டு வைப்பார்கள். ஈரம் பிடிக்காது என்பார் ஒருவர், எலி வராது என்பார் மற்றவர். அங்கே எனக்கு அந்த இசையைப் பழக்கிய லோரென் தந்தாள், நான் போட்டேன். உன் மிருதங்கத்துக்கு நீ குங்குமம் வைப்பதை நான் ஏனென்று கேட்டேனா?

இரண்டாவது, அப்பா வாங்கிய குதிரையை ஒருவரும் சீவவில்லை. அதைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். தட்டையானது வேறொன்று, இங்கே வாங்கியது. நான் வாசிப்பது அப்பலாச்சியன் மலைக்காரரின் பழைய நடன இசை. அதில் இரண்டு தந்திகள் ஒன்றாக ஒலிக்க வேண்டும். ஒன்றில் பாட்டு ஓடும், மற்றது தம்பூரா மாதிரி நின்று இரையும். அதற்குத்தான் தட்டைக் குதிரை.

நீ இன்னும் ஒன்றைக் கேட்கவில்லை. ஆறேழு வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றி வாசிப்பவள், அன்று மட்டும் எப்படி மறந்தாள்? அந்த மலைக்காரர் தங்கள் பாதிப் பாட்டுக்கு வயலினை எப்படிச் சுருதி கூட்டுகிறார்கள் தெரியுமா? சட்ஜம் பஞ்சமம் சட்ஜம் பஞ்சமம். ரஞ்சினி ரீச்சர் எங்களுக்குக் கூட்டித் தந்த அதே மாதிரி. அமெரிக்காவில் படிக்கப் போன இடத்தில் முதன்முதல் அதைக் கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. அதனால்தான் அந்த இசைக்குள் விழுந்தேன். உன் கச்சேரிக்கு முதல்நாள் இரவு ஒரு நடனத்துக்கு அந்தச் சுருதியில்தான் வாசித்தேன். வேறு சுருதியில் இருந்திருந்தால் மேடையில் முறுக்காணியைத் திருப்ப வேண்டி வந்திருக்கும். குதிரையும் கண்ணில் பட்டிருக்கும். அன்று வில்லை வைத்துப் பார்த்தேன், சுருதி அப்படியே நின்றது. சரியென்று உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவுதான் நடந்தது.

மாட்டுக்காரரின் ஆட்டம் என்கிறாய். ஒரு நாள் வந்து பார். காலையில் நான் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை செய்கிறேன், அது வாடகைக்கு. வெள்ளி இரவு இங்கே அல்டோனா பகுதியில் ஒரு பழைய தேவாலய மண்டபம். அங்கெ என்ற பெண் நடுவில் நின்று அடுத்த அடியைக் கூவுவாள். நாலு நாலு சோடியாகச் சனம் ஆடும். நான் கதிரையில் இருந்து வயலினை நெஞ்சில் சாய்த்து வாசிப்பேன். ஒரே பாட்டு, கால் மணித்தியாலம், நிறுத்தாமல். கைதட்டு இல்லை, தனி ஆவர்த்தனம் இல்லை. என்னை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் நான் ஒரு அடி பிசகினால் முப்பது பேர் ஒருவர் மேல் ஒருவர் மோதுவார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இன்னொன்று. நான் வில் இழுக்கும்போது டோர்ஸ்டன் என்ற தோழன் பக்கத்தில் குனிந்து, என் விரலுக்கும் வில்லுக்கும் நடுவில் அதே தந்திகளில் மெல்லிய குச்சிகளால் தாளம் அடிப்பான். ஒரு வயலின், இரண்டு பேர். அந்த மலைகளில் அப்படி ஒரு பழக்கம். இது உனக்கு ஏதாவது ஞாபகப்படுத்துகிறதா? தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு தொடங்க முதல் நீ விளக்குமாற்றில் ஈர்க்கு முறித்து என் தந்தியில் அடிப்பாய், நான் வாசிப்பேன். ரஞ்சினி ரீச்சர் அதே விளக்குமாற்றால் இரண்டு பேருக்கும் போட்டா. கடலுக்கு அந்தப் பக்கம் அதையே மதித்துக் கேட்கிறார்கள்.

இப்போது கெட்ட செய்தி. ஓகஸ்ட் 30 எங்கள் வருடாந்த நடனம். போன வருடமே என்னை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தாலி கட்டு காலையில்தானே? மூன்று மணி ரயிலைப் பிடித்தால் இரவு நடனத்துக்கு வந்துவிடுவேன். காலை முழுக்க உனக்கு, இரவு அவர்களுக்கு. குதிரையை மட்டும் மாற்ற மாட்டேன். தோழிக்கு வயலின் எதற்கு?

அக்கா


பீலெஃபெல்ட்
9 மார்ச் 2025

அக்கா,

மூன்று மணி ரயில்! பின்னேரம் வரவேற்பு இருக்கிறது. மேடையில் சம்பந்தி வீட்டார் வரிசையாக வந்து படம் எடுப்பார்கள். மாப்பிள்ளையின் அக்கா எங்கே என்று கேட்டால் ஹம்பேர்க்கில் ஆட்டத்துக்கு வாசிக்கப் போய்விட்டா என்று சொல்லட்டா? அப்பா இப்போதே சபையில் தலை குனிகிறார். வரமுடியாவிட்டால் வரமுடியாதென்று சொல்லுங்கள். சயந்தினி இருக்கிறாள்.

சுருதிக் கதையை நம்புகிறேன். நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் எனக்கு ஆறவில்லை. ஏனென்று இப்போது சொல்கிறேன், பிறகு இதைப் பற்றிக் கதைக்க மாட்டேன்.

அன்று கடைசியில், கச்சேரியை ஒழுங்குசெய்த பாலச்சந்திரன் மாமா நன்றியுரை சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? பாடகருக்கு நன்றி. உங்களுக்கும் நன்றி சொன்னார், "எங்கட பிள்ளை கம்சனா" என்று. மைக் போட்டவருக்கு நன்றி, கதிரை அடுக்கினவர்களுக்கு நன்றி, வடை சுட்ட மாமிமாருக்கு நன்றி. என் பெயரைச் சொல்லவில்லை. மேடையில் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு மங்களம் பாடச் சொன்னார். தனி ஆவர்த்தனம் முழுதாக நடந்திருந்தால் மறந்திருப்பாரா? அந்தக் கச்சேரியில் நான் இருக்கவே இல்லை, அக்கா. அதற்குப் பிறகு மிருதங்கத்தைத் தொடவில்லை. பிள்ளைகளுக்குப் பழக்குவதையும் விட்டுவிட்டேன். மிதுஷாவுக்கு நான் மின்சார வேலைக்காரன் என்று மட்டும்தான் தெரியும்.

உங்கள் டோர்ஸ்டனுக்கு என் வணக்கம். ஈர்க்கு ஞாபகம் இருக்கிறது.

ஆரூரன்


ஹம்பேர்க்
27 ஏப்ரல் 2025

என் தம்பிக்கு,

குதிரை, குதிரை என்று எழுதினாய். உன்னைச் சுட்டது நன்றியுரை. இதை அன்றே சொல்லியிருந்தால் மைக்கைப் பிடுங்கி நானே உன் பெயரைச் சொல்லியிருப்பேன். என் வாய் உனக்குத் தெரியும்தானே. ஒரு வருடமாக இதை விழுங்கிக்கொண்டா இருந்தாய்? உன்மேல் கோபப்படக்கூட இப்போது மனம் வரவில்லை.

அந்த மலைகளில் ஒரு ஒழுங்கு உண்டு. எழுதிவைத்த பாட்டு அங்கே குறைவு. எல்லாம் ஒருவரிடம் கேட்டு ஒருவர் பழகியது. ஆகவே வாசிக்க முதல், இதை யாரிடம் எடுத்தேன் என்று பெயர் சொல்லுவார்கள். சொல்லாவிட்டால் வாசித்து முடிந்ததும் யாராவது கேட்பார்கள். பாட்டைப் பிழையாக வாசித்தாலும் பொறுப்பார்கள், பெயரை விட்டால் பொறுக்க மாட்டார்கள். பாலச்சந்திரன் மாமாவை அங்கே ஒரு கிழமை விட்டுவைக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதைக் கதிரையில் இருந்து வாசி.

போன வெள்ளி நடனத்துக்கு ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். வெள்ளைச் சப்பாத்து, முதுகில் பை. கரையில் நின்று பார்ப்பாளென்று நினைத்தேன். அடி கூவும் அங்கெ அவள் கையைப் பிடித்து இழுத்ததும் உள்ளே போனவள்தான், கடைசிப் பாட்டுவரை வெளியே வரவில்லை. எல்லாப் பக்கமும் பிழையாகத் திரும்பினாள். பிழையாகத் திரும்பும்போதெல்லாம் சிரித்தாள். முடிந்ததும் வேர்த்து வழிய என்னிடம் வந்து, "நல்லா வாசிக்கிறீங்கள், மச்சாள்" என்றாள்.

மச்சாள் என்றதும்தான் அது மிதுஷா என்று எனக்குப் பிடிபட்டது.

வேலை விஷயமாக ஹம்பேர்க்கில் ஒரு சந்திப்பு இருந்ததாம். சயந்தினியிடம் இடம் கேட்டு என்னைத் தேடி வந்ததை உனக்குச் சொல்லவில்லையாம். நல்ல பெண், ஆரூரன். உனக்குக் கொஞ்சம் கூடுதலான பெண்தான். நீ மிருதங்கம் வாசிப்பவன் என்று அவளுக்குச் சொன்னேன். திட்டுவதென்றால் திட்டு.

டோர்ஸ்டன் சைக்கிளால் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். இந்த வருடம் அவனால் குச்சி பிடிக்க ஏலாது. உனக்கு ஒரு செய்திக்காகச் சொல்கிறேன், வேறொன்றுக்கும் இல்லை.

அக்கா


பீலெஃபெல்ட்
11 மே 2025

அக்கா,

உங்கள் கடிதம் வர முதலே மிதுஷா வந்துவிட்டாள். காலில் கொப்புளம். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று முதல் கேள்வி. எதை என்றேன். "எல்லாத்தையும்" என்றாள். மிருதங்கத்தை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கவைத்தாள். தூசி தட்டினேன். வார் தளர்ந்து கிடந்தது. இழுத்துக் கட்டினேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

சயந்தினியோடு மிதுஷாவே ஃபோனில் கதைத்துவிட்டாள். கூறை உடுத்த மச்சாள்தான் வேண்டுமாம். சயந்தினி அதற்கென்று எடுத்த சேலையை வரவேற்புக்குக் கட்டுவாளாம். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இதை நான் சொன்னதாக அவளுக்குச் சொல்ல வேண்டாம்.

இன்னொரு தலையிடி. வரவேற்பில் அந்த நடனம் வேண்டுமென்று நிற்கிறாள். "மச்சாளின்ர ஆக்கள் அண்டைக்கு ஹம்பேர்க்கில ஆடுறதை இங்க வந்து ஆடினால் என்ன? மண்டபம் பெரிசுதானே, சாப்பாடும் இருக்கு" என்கிறாள். அவளுடைய அப்பா கொட்வின் மாமாவிடம் போய்க் கேள் என்று தப்பிக்கப் பார்த்தேன். அவர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், கண்டிப்பானவர், மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் "அது நல்ல உடற்பயிற்சி" என்றார். என் பக்கம் ஒருவரும் இல்லை.

உங்கள் அங்கெயிடம் கேட்டுச் சொல்லுங்கள். மரக்கறிச் சாப்பாடு என்று முதலே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கூறை உடுத்தும் நேரம் காலை எட்டரை. முதல்நாளே வீட்டுக்கு வந்துவிடுங்கள். ரயிலை நம்ப வேண்டாம்.

குச்சிக்கு வேறு ஆளைப் பாருங்கள். மாப்பிள்ளை மேடையை விட்டு இறங்கக் கூடாது.

தம்பி


ஹம்பேர்க்
9 நவம்பர் 2025

அன்புத் தம்பி, மிதுஷா,

கலியாணம் முடிந்த கையோடு அமெரிக்கா போய், முந்தாநாள்தான் திரும்பி வந்தேன். முகில் மூடின வானமும் கடையில் என் கதிரையும் அப்படியே இருக்கின்றன. ஃபோனில் கதைத்திருக்கலாம், இப்போது என் நம்பரை விடுகிறாய்தானே. ஆனால் இதை எழுதத்தான் வேண்டும்.

கலியாண வீட்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அங்கெ அடியைக் கூவக் கூவ, பாலச்சந்திரன் மாமாவின் மனைவி சிவசக்தி மாமி பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினா. டோர்ஸ்டன் இன்னும் சரிவராத மணிக்கட்டோடு மூன்றாவது வடையைத் தேடித் திரிந்தான். குச்சிக்கு ஆளில்லாமல் நான் தனியாக வாசித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் நீ பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வருகிறாய். போட்டோக்காரர் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கத்துகிறார். உன் கையில் இரண்டு ஈர்க்கு. மண்டபத்து விளக்குமாற்றில் முறித்தாயா, வீட்டிலிருந்தே கொண்டு வந்தாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

நீ அடித்தது டோர்ஸ்டன் அடிப்பது மாதிரி இல்லை. அவன் ரயில் ஓடுவதுபோல் ஒரே சீராக அடிப்பான். நீ இடையில் இரண்டை விழுங்கி, மூன்றாவதைத் தள்ளி வைத்தாய். ஆடினவர்களின் கால் அதைக் கேட்டதும் மாறியது. அப்பா சுவரோரம் நின்று தொடையில் தாளம் போட்டார். அவர் சபையில் தலை நிமிர்ந்து நின்றதை நீ பார்த்திருக்க மாட்டாய், குனிந்திருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது இதுதான். லோரெனின் வீட்டில் ஒரு மாலை எட்டுப் பத்துப் பேர் கூடினோம். அவளுக்கு ஈர்க்கைக் கொடுத்து நீ அடித்த விதத்தைக் காட்டினேன். பிடிக்க நேரம் எடுத்தது. பிடித்ததும் விடமாட்டேன் என்றாள். பாட்டு முடிந்ததும் மூலையில் பான்ஜோ வாத்தியத்தோடு இருந்த ஒருவர் தொப்பியைத் தள்ளிவிட்டுக் கேட்டார், இந்தக் குச்சியடியை எங்கே எடுத்தாய் என்று.

"என்ர தம்பியிட்ட" என்று வாயில் தமிழ்தான் வந்தது. பிறகு அவர்கள் மொழியில் சொன்னேன். ஆரூரன், தம்பித்துரையின் மகன், ஜேர்மனியில் பீலெஃபெல்ட். இன்னொரு தரம் சொல்லு என்றார்கள். சொன்னேன். எல்லோரும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள்.

அக்கா


பீலெஃபெல்ட்
18 ஜனவரி 2026

அன்புள்ள அக்கா,

இதை ஃபோனில் சொல்ல எனக்கு ஏலாது, குரல் மாறிவிடும். அதனால் எழுதுகிறேன்.

நேற்று மிதுஷா ஒரு வீடியோ கண்டுபிடித்துக் காட்டினாள். உங்கள் லோரெனும் இல்லை, அந்த மலைப்பக்கத்தில் வேறு யாரோ இரண்டு பேர். ஒரு வயதான ஆள் வயலினோடு, ஒரு பெண் குச்சியோடு. ஒரு வீட்டு வாசல்படி, பின்னால் நாய் படுத்திருக்கிறது. வாசிக்க முதல் அந்தப் பெண் சொல்கிறாள், பாட்டு இன்னாரிடம் எடுத்தது, குச்சியடி லோரெனிடம் எடுத்தது, லோரென் கம்சனாவிடம் எடுத்தாள், கம்சனா தன் தம்பி ஆரூரனிடம் எடுத்தாள், அவர் பீலெஃபெல்ட்டில் இருக்கிறார் என்று. என் பெயரை இரண்டாக உடைத்துத்தான் சொல்கிறாள். பீலெஃபெல்ட்டை மூன்றாக உடைக்கிறாள்.

பிறகு அடிக்கிறாள். இரண்டை விழுங்கி, மூன்றாவதைத் தள்ளி வைக்கிறாள். நான் அடித்த மாதிரியே.

அப்பாவுக்குக் காட்டினேன். இருமவில்லை. "திருப்பிப் போடு" என்றார். அம்மாவும் வந்து இருந்தா. நாயைத் தவிர அவவுக்கு வேறொன்றும் விளங்கவில்லை, என் பெயர் வந்த இடத்தில் மட்டும் "இஞ்ச, இஞ்ச" என்று திரையைத் தொட்டுக் காட்டினா.

வருகிற சனிக்கிழமையிலிருந்து திரும்பப் பிள்ளைகளுக்கு மிருதங்கம் பழக்கப் போகிறேன். ரஞ்சினி ரீச்சரிடம் சொல்லிவிட்டேன். அம்மா முன்னெச்சரிக்கையாக விளக்குமாற்றை ஒளித்து வைத்திருக்கிறா.

வீடியோவைப் பாலச்சந்திரன் மாமாவுக்கும் அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை, அனுப்பினேன் அவ்வளவுதான். பார்த்துவிட்டு உடனே ஃபோன் எடுத்தார். "அட, உன்னைத்தானே சொல்லுதுகள்!" என்றார்.

"ஓம் மாமா, என்னைத்தான்" என்றேன்.

உங்கள் தம்பி
ஆரூரன்